கனடா மச்சான்

அங்க பாருங்கோ தம்பி, பாருங்கோ! பந்தை வாய்க்கு முன்னால பிடிச்சுக்கொண்டு என்ன கதை? ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கதை. அப்பிடி என்ன பெரிய ரகசியம்? எதிராளி வாயசைவைப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவினமாம், அதுக்குத்தான் மறைக்கிறதாம். ரென்னிஸில ரெண்டுபேராச் சேந்து டபிள்ஸ் விளையாடுற எல்லாரும் அப்பிடித்தானாம். பொய். எனக்குத்தான் மறைக்கிறாள். பத்து வருசமா எனக்குத்தான் மறைக்கிறாள்.

நீங்கள் தமிழ் எண்டு நீங்கள் வந்து இருக்கேக்கையே தெரிஞ்சுபோச்சு. அந்த டப்பாவைத் திறக்கப் புளிச்சாதம் மணத்தது. இந்தியாவே? கொம்பியூட்டர் வேலையாக்கும். சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ. இப்ப பக்கம் மாறுகினம், கொஞ்ச நேரம் கதைக்கலாம். பந்து ஓடேக்க கதைச்சால் அந்த உயரக் கதிரையில இருக்கிற நடுவர் முறைப்பார். முறைக்கட்டும். எனக்கு முறைக்காத நடுவர் இந்த ஐரோப்பாவில இல்லை.

அந்தக் கறுத்தப் பிள்ளை, வெள்ளைத் தொப்பி, முழங்காலில பட்டி கட்டினது, அது ஆரெண்டு தெரியுமே? என்ர மகள். கஜானி. பக்கத்தில தென்னை மரம் மாதிரி நிக்கிறாளே, அவள் யோரின், ஒல்லாந்துக்காரி. இனி அந்தப் பலகையைப் பாருங்கோ. என்ன போட்டிருக்கு? தவராசா, அதுக்குக் கீழ டி விட். தவராசா ஆர்? நான்! இந்த நாட்டில தகப்பன்ர பேர்தானே பிள்ளைக்குக் குடும்பப் பேர். பரிசில, ரோமில, ஜப்பானில, எங்க போனாலும் பலகையில என்ர பேர்தான் ஏறினது. நடுவர்மார் கூப்பிட்டதும் என்ர பேர்தான். அவ்வளவு பேரும் புகழும் உள்ள மனுசன் இஞ்ச வெயில்ல, உங்களுக்குப் பக்கத்தில, பிளாஸ்ரிக் கதிரையில குந்தியிருக்கிறன்.

எதிர்ப்பக்கம் நிழலுக்க ஒரு பெட்டி மாதிரி அடைச்சிருக்கு, தெரியுதே? விளையாடுறவையின்ர சொந்தக்காரருக்கு. மஞ்சள் சட்டை என்ர மனுசி, சுகிர்தா. பக்கத்தில சிரிச்சுக்கொண்டிருக்கிறது யோரின்ர தாயும் தகப்பனும். மனுசியின்ர தலையில அந்தத் தாயின்ர தொப்பி. முப்பத்தஞ்சு வருசம் கலியாணம் கட்டின எனக்கு அவள் தொப்பி போட்டதைக் காட்டினதில்லை.

நான் ஏன் அங்க இல்லை எண்டு கேளுங்கோ. கேக்கமாட்டியள், நீங்கள் மரியாதை தெரிஞ்ச பிள்ளை. நானே சொல்லுறன். இது அவளின்ர கடைசிப் போட்டி. முழங்கால் சரியில்லையாம், இதோட விடுறாளாம். இண்டைக்கு வெண்டால் நாளைக்கு இறுதி ஆட்டம், சொந்த நாட்டில, எல்லாரும் பாக்க. தோத்தால் இண்டையோட சரி. அதுக்கு அப்பாவுக்கும் ஒரு இடம் வைச்சிருக்கு எண்டு தாயிட்டச் சொல்லிவிட்டாள். நானும் போட்டுக்கொண்டு வர ஒரு புதுச் சேட்டு வாங்கி வைச்சனான். பிறகுதான் மனுசி மென்று விழுங்கிச் சொல்லுறாள்: அப்பா வரலாமாம், ஆனா வாய் திறக்கக்கூடாதாம். ஆட்டம் முடியிறவரைக்கும் ஒரு சொல்லும் வரக்கூடாதாம். தம்பி, நான் என்ன கட்டிவைக்கிற நாயே? உன்ர இடமும் வேண்டாம், உன்ர நிழலும் வேண்டாம் எண்டு நானே ரிக்கெற் எடுத்துக்கொண்டு வந்திட்டன். அந்தப் புதுச் சேட்டைத்தான் போட்டிருக்கிறன். அவளுக்காக இல்லை, வாங்கினதை என்ன செய்யிறது.

ஷ்ஷ். தொடங்கப்போகினம்.

பாத்தீங்களே? பந்து நெற்றில, வலையில. யோரின்தான் விட்டவள், அவளின்ர பிழை. இப்ப பாருங்கோ என்ன நடக்குதெண்டு. கையைத் தட்டுகினம்! பிழைவிட்டவளுக்குக் கை தட்டல்! வெண்டாலும் தட்டுவினம், தோத்தாலும் தட்டுவினம். ஒவ்வொரு புள்ளிக்கும் கிட்டப் போய் உள்ளங்கையைத் தட்டோணுமாம், அது டபிள்ஸில வழக்கமாம். பிழைக்கும் சரிக்கும் ஒரே பரிசெண்டால் பிள்ளை எப்பிடித் தம்பி உருப்படும்?

நான் வளத்த வளப்பு வேற. நான் இஞ்ச வந்த புதுசில தக்காளிக் கண்ணாடிக் கூடத்தில வேலை. உள்ளுக்க அடுப்பு மாதிரி வெக்கை, வெளியில பனி. எங்கட யாழ்ப்பாணத்தில கோட்டை கட்டிவைச்சிட்டு வந்தவங்கட நாட்டில நான் தக்காளி பிடுங்கினனான். பிள்ளைக்கு ஒன்பது வயசு இருக்கும், பள்ளிக்கூடத்தில ஒரு நாள் ரென்னிஸ் மட்டையைக் குடுத்து அடிக்கச் சொன்னவை. அடிச்சாள். அந்த ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்குக் கண்ணும் கையும் ஒண்டா ஓடுது எண்டார். அவ்வளவுதான். அண்டைக்கே முடிவெடுத்திட்டன். எனக்கு மட்டை பிடிக்கத் தெரியாது, உண்மை. ஆனா விளையாட்டு ரத்தத்தில இருக்கு. ஊரில நான் கரப்பந்தாட்டத்தில, அதுதான் வொலிபோலில, பேர்போனவன். ஆறு பேர் நிண்டாலும் பந்து என்ர கைக்குத்தான் வரோணும், நான்தான் அடிக்கோணும். கடைசியில மற்ற அஞ்சு பேரும் என்னை விட்டிட்டு வேற ரீம் கட்டிக்கொண்டாங்கள். பொறாமை. வேற என்ன?

அதனாலதான் சொன்னனான், ஒருத்தரையும் நம்பாத, தனியா விளையாடு. சிங்கிள்ஸ்தான் விளையாட்டு. வெண்டால் நீ வெண்டது, அதில ஒருத்தரும் பங்கு கேக்கமாட்டினம்.

வேலை முடிஞ்சு வந்து நான் சாப்பிடுறது கார்ல. அவள் வீட்டுப்பாடம் செய்யிறதும் கார்ல. மழையோ பனியோ, ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சல் எண்டால் மாத்திரை, அழுதால் இன்னும் ஒரு கூடை பந்து. தோத்துப்போய் வாற நாளில மனுசி என்ன செய்வாள் தெரியுமே? கார்க் கதவைத் திறந்து, பிள்ளையைக் கட்டிப்பிடிச்சு, “பறவாயில்லை ராசாத்தி, பறவாயில்லை” எண்டு முதுகைத் தடவுவாள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். எப்பிடியடி பறவாயில்லை? கையில இருந்த ஆட்டத்தைக் குடுத்திட்டு வந்து நிக்கிறாள், அது எப்பிடிப் பறவாயில்லை? அந்தச் சொல்லை நான் வீட்டில நிப்பாட்டினனான் தம்பி. இனி இந்த வீட்டுக்க அந்தச் சொல் கேக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன். மனுசியையும் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போறதை விட்டிட்டன். அதுக்குப் பிறகுதான் பிள்ளை வெல்லத் தொடங்கினது. கணக்குப் பாருங்கோ.

பொறுங்கோ… ஆ! நல்ல அடி. அதை நான் சொல்லிக்குடுத்தது. பதினொரு வயசில.

ஆர் பந்தை ஆர் எடுக்கிறது எண்டே எனக்கு இந்த டபிள்ஸில விளங்கிறதில்லை. நடுவால வாற பந்து ஆற்ற பந்து? ஒரு நாள், ஸ்பெயினிலயோ எங்கயோ, ரெண்டுபேரும் மற்றவள் எடுப்பாள் எண்டு நினைச்சு விட்டு, பந்து நடுவால பேசாமல் போகுது. ரெண்டுபேரும் ஆளையாள் பாத்துச் சிரிக்கினம். முகத்தைப் பொத்திக்கொண்டு சிரிக்கினம் தம்பி! நான் அதை வீடியோவில நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தனான். மைதானத்துக்க நிண்டு என்ர பிள்ளை சிரிச்சதை அதிலதான் முதல்முதல் கண்டது. எனக்கு வந்த கோவத்துக்குக் கொம்பியூட்டரை மூடிப்போட்டுப் படுத்திட்டன்.

ஏன் டபிள்ஸுக்குப் போனாள் எண்டுதானே கேக்கப்போறியள்? எல்லாரும் கேக்கினம். அது ஒரு துரோகக் கதை. எங்கட ஆக்களே எங்கட ஆக்களுக்குச் செய்த துரோகம்.

முந்தி ஆட்டம் நடக்கேக்க வெளியில இருந்து பிள்ளைக்கு ஒண்டும் சொல்லிக்குடுக்கக்கூடாது. சட்டம். சொன்னால் முதல் தரம் எச்சரிக்கை, அடுத்த தரம் ஒரு புள்ளி போகும். நான் பாத்தன். சத்தம் போட்டு டச்சில சொன்னால்தானே பிடிப்பாங்கள்? தமிழ் ஆருக்கு விளங்கும்? ஆனா சும்மா தமிழில கத்தினாலும் சந்தேகப்படுவாங்கள். அதுக்கு நான் ஒரு வேலை செய்தனான். சிரிக்காதேங்கோ. போனை எடுத்துக் காதில வைச்சுக்கொண்டு கனடாவில இருக்கிற மச்சானோட கதைக்கிறது!

“மச்சான், இடப்பக்க ஒழுங்கையால போ” எண்டால், இடப்பக்கம் அடி. “மச்சான், வாசலுக்கு வா” எண்டால், நெற்றுக்குக் கிட்ட ஓடி வா. “பின் வளவுக்குப் போ” எண்டால், பின்னுக்கு நில். “கடையில கத்தரிக்காய் முத்தலாம், வாங்காத” எண்டால், எதிராளியின்ர சேர்வ் பலமில்லை, முன்னுக்கு நிண்டு எடு. கார்ல போகேக்க வரேக்க பாடமாக்கி வைச்சிருந்தனாங்கள். நடுவர்மார் பாக்கினம், ஒரு ஆசியாக்காரன் ஓயாமல் போனில கதைக்கிறான், அவ்வளவுதான். எத்தினை ஆட்டம்! எத்தினை நாடு! ஒருத்தனுக்கும் விளங்கேல்லை. உண்மையான மச்சானோட நான் கதைச்சுக் கன வருசம், காணித் தகராறு. போனில ஒருத்தரும் இல்லை தம்பி. ஆனா என்ர பிள்ளை ஒரு அடிகூடத் தனிய அடிக்கேல்லை. பின்னால நான் நிண்டனான்.

ஷ்ஷ்ஷ்.

போச்சு. இந்த செற் போச்சு. ஒண்டுக்கு ஒண்டு. இனி மூண்டாவது செற் இல்லை. டபிள்ஸில அதையும் வெட்டிப்போட்டாங்கள். பத்துப் புள்ளி முதல் எடுக்கிற ஆக்கள் வெண்டவை. அரைக் கோட்டில, அரை ஆட்டம். இதுக்குத்தான் தக்காளி பிடுங்கினனானே?

தண்ணி குடிக்கினம், முடிச்சிடுறன் கேளுங்கோ. இங்கிலாந்தில ஒரு பெரிய போட்டி. தகுதிச் சுற்றின்ர கடைசி ஆட்டம். வெண்டால் உள்ளுக்க, பெரிய பெரிய ஆக்களோட. அவளுக்கு இருபத்திரண்டு வயசு. முதல் செற் எங்களுக்கு. ரெண்டாவதும் கிட்டத்தட்ட எங்களுக்கு. நான் மச்சானோட கதைச்சுக்கொண்டிருக்கிறன். எனக்கு நேர முன்னால, பந்து கோட்டுக்கு உள்ளயோ வெளியிலயோ எண்டு பாக்கிற ஒரு பெட்டை நிக்குது. எங்கட நிறம், எங்கட முகவெட்டு. ரெண்டு தரம் திரும்பி என்னைப் பாத்தது. பக்கம் மாறேக்க கஜானி நடுவர்ர கதிரைக்குக் கீழ போய் நிண்டு ஏதோ கதைச்சாள். தண்ணி கேட்டிருப்பாள். நெற் பதிஞ்சு கிடக்கெண்டு சொல்லியிருப்பாள். உடன நடுவர் மைக்கில சொல்லுறார், வெளியில இருந்து சொல்லிக்குடுத்ததுக்கு எச்சரிக்கை, மிஸ் தவராசா. என்ர பேரைச் சொல்லி!

அந்தப் பெட்டைதான். லண்டனில எங்கட சனம் நிறைய, தமிழ் விளங்கியிருக்கு, சொல்லிக்குடுத்திட்டுது.

நான் விட்டனானே? எச்சரிக்கை முடிஞ்சுது, இனி என்ன பயம்? செற் ஆறுக்கு ஆறு வந்து ரை-பிரேக்கர் வந்திட்டுது. இப்ப விட்டால் பிள்ளை தனிய நிண்டு தடுமாறும். இன்னும் கொஞ்சம் சத்தமா, “மச்சான், வாசலுக்கு வா, வாசலுக்கு வா” எண்டன். கஜானி சேர்வ் போடப் பந்தைத் தட்டிக்கொண்டு நிண்டவள், நிப்பாட்டினாள். பந்தைக் கீழ விட்டாள். நடந்து போய்த் திரும்பவும் நடுவரோட கதைச்சாள். என்ர பக்கம் கையைக் காட்டினாள். என்னைக் கரைச்சல் படுத்தவேண்டாம் எண்டு சொல்லத்தான் காட்டியிருப்பாள். நடுவர் ஒரு புள்ளியை வெட்டிப்போட்டார். ரெண்டு காவல்காரர் வந்து என்னை வெளியில கொண்டுபோய் விட்டாங்கள். வேலிக்கு அங்கால நிண்டு கை தட்டுறதை மட்டும் கேட்டனான். ஆருக்குத் தட்டினவை எண்டு எனக்குத் தெரியும்.

மனுசி இப்பவும் என்ன சொல்லுவாள் தெரியுமே? அந்தப் பெட்டை தமிழே இல்லையாம். ஏதோ பட்டேலாம், குஜராத்திப் பிள்ளையாம், ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாதாம். கஜானி தானேதான் போய் நடுவரிட்டச் சொன்னவளாம். அப்பா எனக்குச் சொல்லிக்குடுக்கிறார், அவரை நிப்பாட்டுங்கோ எண்டு. ரெண்டு தரமும் அவளாம். என்ன கதை இது? நீங்களே சொல்லுங்கோ. உலகத்தில எவளாவது தன்ர புள்ளியைத் தானே வெட்டச் சொல்லுவாளே? பைத்தியமே? மனுசிக்கு என்னில ஒரு வன்மம், அதுக்குக் கதை கட்டுறாள். பட்டேல் எண்டு பேர் வைச்சால் தமிழ் தெரியாதே?

திரும்பி வரேக்க கப்பல். காரைக் கீழ ஏத்திப்போட்டு மேல தட்டில நிக்கிறம். காத்து அடிக்குது. நான் பேசிக்கொண்டே வாறன், அந்தப் பெட்டையைப் பற்றி, எங்கட இனத்தைப் பற்றி. இவள் கடலைப் பாத்துக்கொண்டு நிண்டாள். திடீரெண்டு டச்சில சொல்லுறாள். தம்பி, அண்டைவரைக்கும் என்னோட அவள் டச்சில ஒரு சொல் கதைச்சதில்லை. வீட்டில தமிழ்தான், அதில நான் சரியான கண்டிப்பு. டச்சில, முன்பின் தெரியாத ஆளோட கதைக்கிற மாதிரி மரியாதையாச் சொல்லுறாள்: நான் இனித் தனியா விளையாடமாட்டன்.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. நீ எப்பயடி தனியா விளையாடினனி? ஒவ்வொரு அடியிலயும் நான் நிண்டனான்தானே எண்டு கேட்டன். அவள் என்னை ஒரு பார்வை பாத்தாள். அதுக்குப் பிறகு இந்தப் பத்து வருசமும் என்னோட டச்சுதான். சுகமா இருக்கிறீங்களா, மருந்து எடுத்தீங்களா, சரி வைக்கிறன். அவ்வளவும் டச்சு. நான் தமிழில கேப்பன், அவள் டச்சில சொல்லுவாள். தமிழை மறந்திட்டாள் எண்டு நினைக்கிறன். ஒரு பாஷையைப் பத்து வருசம் கதைக்காட்டில் மறந்துதானே போகும்.

அடுத்த மாசமே யோரினோட சேந்திட்டாள். அவளும் சிங்கிள்ஸில ஒண்டும் கிழிக்காதவள். இந்த உலகத்தில டபிள்ஸ் ஆக்கள் ஆளையாள் மாத்திக்கொண்டே இருப்பினம், ஒரு செய்தி அனுப்பி, அடுத்த கிழமையில இருந்து வேற ஆளோட விளையாடுறன் எண்டுவினம். இவையள் ரெண்டுபேரும் மாறவே இல்லை. பத்து வருசம் ஒரே ஆள். எட்டுக் கோப்பை. நாட்டுக்காகவும் விளையாடினவை. ஒரு பெரிய போட்டியில அரையிறுதி வரைக்கும் போனவை. பெருமையாத்தான் இருக்கும் எண்டு சனம் சொல்லும். என்ன பெருமை? கோப்பையில பாதி ஆற்றயோ.

யோரின் நெற்றுக்கு முன்னால நிண்டு முதுகுக்குப் பின்னால விரலைக் காட்டுவாள். கவனிச்சனீங்களே? ஒரு விரல் எண்டால் இஞ்சால, ரெண்டு விரல் எண்டால் அங்கால. அதுபடிதான் என்ர பிள்ளை சேர்வ் போடோணும். என்ர வாய்க்கு நடுவரிட்டப் போனவள்… இல்லை, போனவளாம் எண்டு மனுசி சொல்லுறாள்… அவளின்ர ரெண்டு விரலுக்கு மட்டும் அப்பிடியே கேக்கிறாள். என்ன நியாயம்?

இன்னுமொண்டு கேளுங்கோ, வயிறு எரியும். இப்ப சட்டத்தை மாத்திப்போட்டாங்கள்! இப்ப அந்தப் பெட்டியில இருந்து சொல்லிக்குடுக்கலாமாம். பிழையே இல்லையாம். செய்தியைப் பாத்த உடன கஜானிக்குப் போன் எடுத்தன். பாத்தியே, இப்ப என்ன சொல்லுறாய், அப்பா செய்ததுதான் சரி எண்டு உலகமே ஒத்துக்கொண்டிட்டுது எண்டு சொன்னன். சரி வைக்கிறன் எண்டு வைச்சிட்டாள். டச்சில.

தொடங்கீட்டுது, தொடங்கீட்டுது. சாப்பாட்டை மூடுங்கோ.

நல்லது… நல்லது. இனி அவளவையின்ர சேர்வ். சீ! அதை ஏன் விட்டவள்? யோரின்ர பந்தது. ஓ, கை தட்டுங்கோ, தட்டுங்கோ.

இப்ப ஏழுக்கு ஏழு. நான் வாயே திறக்கேல்லை, நீங்கள்தான் சாட்சி. முதல் செற் முழுக்க, ரெண்டாவது செற் முழுக்க, மைதானத்தைப் பாத்து நான் ஒரு சொல் சொன்னனானே? உங்களோடதானே கதைச்சனான். நான் நினைச்சால் வாயை மூடுவன். அவள் சொல்லி இல்லை, நானா மூடுவன்.

எட்டு ஒன்பது. இன்னொரு புள்ளி போனால் முடிஞ்சுது. சேர்வ் கஜானிக்கு. பந்தை வாய்க்கு முன்னால வைச்சுக் கதைக்கினம். அந்த விரலைப் பாருங்கோ, நடுவால போடச் சொல்லுறாள் அந்த விசரி! நடுவால போட்டால் அந்த மற்றப் பெட்டை அப்பிடியே திருப்பிக் குடுக்கும், நான் ரெண்டு மணித்தியாலமாப் பாத்துக்கொண்டிருக்கிறன், அவளுக்கு இடப்பக்கம்தான் எட்டாது. இடப்பக்கம்! ஒருத்தருக்கும் கண் இல்லையே?

நெற்றில. முதல் சேர்வ் நெற்றில. இனி ஒண்டுதான். திரும்பவும் நடுவாலதான் போடப்போறாள், எனக்குத் தெரியும், அவள் தோளைப் பாத்தாலே எனக்குத் தெரியும்.

இந்தப் போன்… எங்க இந்தப் போன்…

ஹலோ. ஹலோ மச்சான். கேக்குதே? மச்சான், இடப்பக்க ஒழுங்கையால போ. இடப்பக்க ஒழுங்கையால!

…பாத்தவள். தம்பி, பாத்தவள்! பந்து தட்டுறதை நிப்பாட்டிப்போட்டு இஞ்ச பாக்கிறாள். இவ்வளவு சனத்துக்க நேர என்னையே பாக்கிறாள். மறக்கேல்லை, பாத்தீங்களே, தமிழ் மறக்கேல்லை! நடுவர் என்னவோ சொல்லுறார், சொல்லட்டும். போடு பிள்ளை. இடப்பக்கம். போடு.

…

வெளியில.

வெளியில விழுந்திட்டுது.

ஒரு சேர்வ். ஒரு சேர்வை ஒழுங்காப் போடத் தெரியாது. இடப்பக்கம் எண்டு சொன்னால் இவ்வளவு இடப்பக்கமே? கோட்டுக்குள்ளயெல்லோ போடோணும்! இல்லை, அவள் நடுவால போட நினைச்சு, பிறகு மாத்தி… எனக்குத் தெரியாது. என்னை ஏன் எல்லாரும் திரும்பிப் பாக்கினம்? நான் போனில கதைச்சனான். மனுசன் போனில கதைக்கக்கூடாதே? நீங்கள் ஏன் அப்பிடிப் பாக்கிறீங்கள்?

முடிஞ்சுது. பேர் சொல்லுறார், மற்ற ஆக்களின்ர பேர். என்ர பேர் பிறகுதான் வரும்.

அங்க அவள் கோட்டில குந்திட்டாள். எழும்பு பிள்ளை, சனம் பாக்குது. யோரின் ஓடி வாறாள். இப்ப ஏசப்போறாள், ஏசத்தானே வேணும், கடைசி ஆட்டத்தை உடைச்சுப்போட்டாளே. ஏசு, நல்லா ஏசு.

என்ன சொல்லுறாள்? பந்தும் இல்லை, வாயை மறைக்கேல்லை. முதுகைத் தடவிக்கொண்டு என்ன சொல்லுறாள்? ஷ்ஷ், தம்பி, பொறுங்கோ, சத்தம் போடாதேங்கோ.

“பறவாயில்லை.”

உங்களுக்குக் கேட்டதே? எனக்கு மட்டும்தான் கேட்டதே? “பறவாயில்லை, கஜானி, பறவாயில்லை.” அந்த ஒல்லாந்துக்காரி! அந்த ‘ற’வை அப்பிடியே கொன்றுகொண்டு, தமிழில! இதைத்தானே அந்தப் பந்துக்குப் பின்னால… பத்து வருசமா இதைத்தானே… ஆர் சொல்லிக்குடுத்தது அவளுக்கு? அந்தச் சொல்லை நான் என்ர வீட்டில நிப்பாட்டினனான். என்னோட ஒரு தமிழ்ச் சொல் கதைக்கமாட்டாள், மறந்திட்டாள் எண்டு நினைச்சன், இருக்கிற தமிழையெல்லாம் கொண்டுபோய் அந்தத் தென்னை மரத்திட்டக் குடுத்திருக்கிறாள். அதுகும் எந்தச் சொல்லை! எத்தினை நல்ல சொல் நான் சொல்லிக்குடுத்தனான். முயற்சி, வெற்றி, விடாத. அதுகளில ஒண்டும் இல்லையே அவளுக்கு?

என்ன சத்தம் இது? ஓ. இந்தப் போன். காதுக்கயே அடிக்குது.

மனுசி. அங்க பாருங்கோ, பெட்டிக்க எழும்பி நிண்டு, தொப்பியைக் கழட்டிப்போட்டு, போனைக் காதில வைச்சுக்கொண்டு இஞ்சதான் பாக்கிறாள். பக்கத்தில யோரின்ர தகப்பன் இஞ்சால வா எண்டு கை காட்டுறான். நான் எடுக்கமாட்டன். எடுத்தால் என்ன சொல்லுவாள் எண்டு எனக்குத் தெரியும். அந்தச் சொல்லைத்தான் சொல்லுவாள். எனக்கு அது தேவையில்லை.

தம்பி, நீங்கள் எடுங்கோ. இந்தாங்கோ. நான் போயிட்டன் எண்டு சொல்லுங்கோ. வெயில் தாங்காமல் போயிட்டார் எண்டு சொல்லுங்கோ. பிள்ளை நல்லா விளையாடினவள் எண்டு அவர் சொன்னவர் எண்டு… இல்லை, இல்லை, அதைச் சொல்லவேண்டாம். சேர்வ் பிழை எண்டு மட்டும் சொல்லுங்கோ.